கூச்சப்படும் பிள்ளைக்கு நாடகப் பயிற்சி: பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளியில் டீச்சர் கேட்டாலும் பதில் வராது. சில சமயம் திக்கவும் செய்கிறான். மார்த்தாண்டத்தில் பத்து நாள் நடிப்பு முகாமாம், 12,000 ரூபாய். முடித்தால் டிவி சீரியலில் வாய்ப்பு வாங்கித் தருவார்களாம். கூச்சம் போகுமா? சேர்க்கலாமா?
- ஒரு தாய், தக்கலை

பதில்: நாடகம் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் இந்த முகாம் வேண்டாம்.

எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதுதான் கூச்சப்படும் பிள்ளையின் பயம். கரடியாக நடிக்கும்போது எல்லாரும் கரடியைத்தான் பார்க்கிறார்கள். அதனால் அவனுக்குக் குரல் வருகிறது. நல்ல பயிற்சியாளர் முதல் நாளே மேடை ஏற்றமாட்டார். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டச் சொல்வார். பிறகு இரண்டு விரல், நான்கு விரல். அறைக்குள் மழை பெய்யும். ஒதுங்கி நின்ற பிள்ளையும் தன்னை அறியாமல் தட்டிக்கொண்டிருப்பான். அடுத்து, ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, பழைய சாக்ஸில் பட்டன் தைத்த பொம்மையைக் கையில் கொடுப்பார். நம் குமரி மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் ஒரே கலைஞர் திரைக்குப் பின்னால் இருந்து ராமனாகவும் ராவணனாகவும் பேசுகிறாரே, அந்தச் சுதந்திரம் பிள்ளைக்கும் கிடைக்கும். திரையை விட்டு அவனாக வெளியே வரட்டும். பத்து நாளில் இது நடக்காது. வாரம் ஒரு நாள் வீதம் சில மாதங்கள் வேண்டும்.

இனி அந்தச் சீரியல் வாய்ப்பு. முதலில் முகாம் பணம், பிறகு போர்ட்ஃபோலியோ போட்டோ, பிறகு வாய்ப்பு பிடித்துத் தரும் கோஆர்டினேட்டருக்குக் கமிஷன், கடைசியில் சென்னைக்கு வண்டிச் செலவு. நகையை அடகு வைத்துப் போட்டோ எடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சட்டம் தெளிவாக இருக்கிறது: 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை நடிக்கவைக்கும் தயாரிப்பாளர்தான் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். அதாவது பணம் பிள்ளைக்கு வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது. உங்களிடம் பணம் கேட்கிறவர் புரோக்கர். எந்தச் சீரியல், யார் தயாரிப்பாளர், அனுமதி எங்கே என்று கேளுங்கள். அதன்பிறகு போனை எடுக்கமாட்டார்.

திக்குவதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். திக்கும் பிள்ளைகள் பலர் கூட்டமாகச் சொல்லும்போதும், பாடும்போதும், வேறு ஆளாக நடிக்கும்போதும் திக்கமாட்டார்கள். மேடையில் சரளமாகப் பேசியதைப் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது என்று பெற்றோர் மருத்துவத்தை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் மீண்டும் திக்குகிறான். “அங்கே மட்டும் ஒழுங்கா பேசுகியே, இங்க என்ன?” என்று திட்டும் விழுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போய் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். நாடகம் அதோடு சேர்ந்து நடக்கட்டும். அதற்குப் பதிலாக வேண்டாம்.

பள்ளியிலேயே இதெல்லாம் கிடைத்திருக்க வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பெனியில் வளர்ந்து வந்தவர். அந்த மண்ணில் இன்று ஆண்டு விழா நாடகம் என்றால் ரெக்கார்டு செய்த வசனத்துக்குப் பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் ஆசிரியர் உண்டு, நாடகத்துக்குக் கிடையாது. பள்ளிகளுக்கான கலைத் திருவிழா வந்தால், ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற நாலு பிள்ளைகளைப் பொறுக்கிப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். கூச்சப்படும் பிள்ளை கைதட்டத்தான் போகிறான். இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை.

உங்கள் ஊர்ப் படிப்பகத்தில், சர்ச்சின் ஞாயிறு பள்ளியில், விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவர் யாராவது இருப்பார். செலவும் அதிகம் இருக்காது. சேர்க்கும் முன் ஒரு வகுப்பை வாசலில் நின்று பாருங்கள். அவர் மட்டுமே பேசி, பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் வேறு இடம் தேடுங்கள். சேர்த்தபின் “எத்தன டயலாக் குடுத்தாவ?” என்று மட்டும் மகனிடம் கேட்காதீர்கள்.