லாபி கார்டு கேள்வி பதில்: முதலில் முதுகைக் காட்டுங்கள்

பழைய ஹாலிவுட் பேய்ப் படங்களின் லாபி கார்டுகளைச் சேர்ப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். விலை கேட்கிறவர்கள் கார்டின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒருவரும் அனுப்பவில்லை. சரி, போகட்டும்.

புதுமுகம், சேலம்: லாபி கார்டுக்கும் போஸ்டருக்கும் என்ன வித்தியாசம் சார்?

போஸ்டர் மெல்லிய தாள், 27க்கு 41 அங்குலம், அந்தக் காலத்தில் மடித்து அனுப்பினார்கள். லாபி கார்டு கெட்டி அட்டை, 11க்கு 14 அங்குலம். தியேட்டருக்குள்ளே, டிக்கெட் வாங்கிக் காத்திருப்பவர் கண்ணில் படும்படி மாட்டினார்கள். ஒரு படத்துக்குப் பெரும்பாலும் எட்டு கார்டு: தலைப்பு கார்டு ஒன்று, காட்சி கார்டு ஏழு. இவற்றை யாருக்கும் விற்கவில்லை. படம் ஓடி முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, பிறகு அடுத்த தியேட்டர் மாட்டியது. அதனால் மூலைகளில் ஊசித் துளை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். தொண்ணூறு வருட அட்டை ஒரு துளைகூட இல்லாமல் பளிச்சென்று வந்தால்தான் எனக்குப் பயம்.

கறுப்புவெள்ளை, திருச்சி: 1931 ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ கறுப்பு வெள்ளைப் படம். கார்டில் மட்டும் எப்படி வண்ணம்?

அச்சுக்கூடத்தில் பூசியது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கார்டில் இருப்பது பெரும்பாலும் படச்சுருளிலிருந்து எடுத்த காட்சியே இல்லை. படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோகிராபர் பெரிய கேமராவில் தனியாக எடுத்த படம். அதனால் திரையில் வராத கோணங்களும் நிற்கும் விதங்களும் கார்டில் வரும். லான் சேனி நடித்த 1927 ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ இன்று எங்கும் இல்லை, தொலைந்துபோன படம். 2002இல் அதைத் தொகுத்துக் காட்டியபோது முழுக்க ஸ்டில்களை வைத்துத்தான் காட்டினார்கள். திரையில் ஓடியது போய்விட்டது, விளம்பரத்துக்கு எடுத்தது நின்றுவிட்டது.

ஏலக்காரன், சென்னை: போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? லென்ஸில் அச்சுப் புள்ளி தெரிந்தால் அசல் என்கிறார்கள்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். ‘புள்ளி இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி’ என்பது பாதி உண்மை. அது பாதிப்பேரை ஏமாற்றியிருக்கிறது.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதேதான். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்காக வட்டம் கட்டி நிற்கும். ஆனால் அந்தக் காலக் கார்டுகள் பலவற்றை ஃபோட்டோஜெலட்டின் முறையில், அதாவது ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து, அச்சடித்தார்கள். அதில் புள்ளியே கிடையாது, நெளிநெளியான நுண்ணிய சுருக்கங்கள்தான் தெரியும். புள்ளி இல்லை என்று அதைத் தூக்கிப் போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

படத்தை விட்டு எழுத்துக்கு வாருங்கள். ஓரத்தில் இருக்கும் படப் பெயரையும் நடிகர் பெயரையும் லென்ஸில் பாருங்கள். அசலில் எழுத்து இடைவெளியில்லாத திட மையாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாக உடைந்திருக்கும். இங்க்ஜெட் என்றால் கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாகத் துகள் சிதறியிருக்கும். அப்புறம் துளையை விரலால் தடவுங்கள். நகலில் துளை கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது.

பிறகு முதுகு. அசல் அட்டை ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும், ஓரம் கருத்து நடு வெளுத்திருக்கும். டீத்தண்ணீரில் நனைத்தது எங்கும் ஒரே நிறம். புற ஊதா விளக்கும் உதவும். 1950 வாக்கில்தான் காகிதத்தில் வெளுப்பூட்டிகள் சேரத் தொடங்கின. 1930களின் கார்டு நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பணத்தைப் பைக்குள் வையுங்கள். ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய காகிதம் தேடிப் பிடித்து அதன்மேல் அச்சடிக்கிற கைகாரர்களும் இருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோவின் பேய்ப்பட விளம்பரங்களின் போலிகள் வெளிச்சத்துக்கு வந்தபோது, பல ஆண்டு அனுபவமுள்ள சேகரிப்பாளர்களே தலையில் கை வைத்தார்கள்.

அதிர்ஷ்டசாலி, கோவை: 1931 ‘டிராகுலா’ கார்டு ஒன்று இருக்கிறது. எவ்வளவு போகும்? படம் இணைத்துள்ளேன்.

முன்பக்கப் படம். முதுகு எங்கே?

நம்பிக்கை, திருநெல்வேலி: என்னிடம் ‘மம்மி’ கார்டு இருக்கிறது. ‘மம்மி’ நாலரை லட்சம் டாலருக்குப் போனதாகப் படித்தேன்.

1997இல் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது 1932 ‘மம்மி’யின் ஒன்ஷீட், அதாவது மேலே சொன்ன 27க்கு 41 அங்குல போஸ்டர். 2017இல் 5,25,800 டாலருக்குப் போன ‘டிராகுலா’வும் போஸ்டர்தான். அந்தச் செய்தியை வைத்துக் கார்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். கார்டில் தலைப்பு கார்டுக்கு ஒரு விலை, பேய் நிற்கும் கார்டுக்கு ஒரு விலை. நாயகனும் நாயகியும் சோபாவில் பேசிக்கொண்டிருக்கும் கார்டை ‘டெட் கார்டு’ என்பார்கள், அது அதே செட்டில் இருந்தாலும் பாதாளத்தில். ‘மம்மி’யில் பேயாக நடித்த கார்லாஃப் துணி சுற்றிய கோலத்தில் வருவது தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். உங்கள் கார்டில் யார் நிற்கிறார் என்று சொல்லவில்லையே.

இரண்டாம் ஆட்டம், மதுரை: ரியலார்ட் கார்டை எல்லாம் ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். மறுவெளியீடு குப்பைதானே அண்ணா?

குப்பை இல்லை தம்பி. 1940களின் கடைசியிலிருந்து யுனிவர்சலின் பழைய படங்களை ரியலார்ட் நிறுவனம் மறுபடி வெளியிட்டது. 1951இல் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வந்தபோது தியேட்டரில் மாட்டியவை அந்தக் கார்டுகள். நகல் அல்ல, அந்த வெளியீட்டின் அசல். 1931 கார்டு என்று விற்றால்தான் மோசடி.

பழையபேப்பர், ஸ்கார்பரோ: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே பழைய ஸ்டில்லை எடுத்துப் புது ஓரச் சட்டம் போட்டு அடித்ததற்கு எதற்கு மரியாதை?

மறுவெளியீடு இல்லையென்றால் இந்தப் படங்களே பாதி மறந்துபோயிருக்கும். 1938இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ரெஜினா என்ற தியேட்டரில் ‘டிராகுலா’, ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’, ‘சன் ஆஃப் காங்’ மூன்றையும் ஒரே டிக்கெட்டில் ஓட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை. யுனிவர்சல் அதைப் பார்த்து முதல் இரண்டையும் சேர்த்து நாடெங்கும் விட்டது, அடுத்த வருடம் ‘சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ வந்தது. குப்பை என்கிறீர்கள், பேய்ப் படங்களின் இரண்டாம் அலையே அதில்தான் எழுந்தது.

இரண்டாம் ஆட்டம், மதுரை: வரலாறு சரி அண்ணா. 1931 கார்டுக்கும் 1951 கார்டுக்கும் ஒரே இடமா?

ஒரே இடம் என்று யார் சொன்னது? விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால்தான் மாதச் சம்பளக்காரன் தொட முடிகிறது.

பழையபேப்பர், ஸ்கார்பரோ: ரியலார்ட் பெயர் இருக்கும் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டு விற்பவர்களை என்ன சொல்வீர்கள்?

திருடன் என்பேன். இதுவரை நீங்கள் கேட்டதில் உருப்படியானது இதுதான். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 11க்கு 14 இல்லையென்றால், என்னத்தை வெட்டினாய், ஏன் வெட்டினாய் என்று விற்பவரைக் கேளுங்கள். 1940க்குப் பிறகு வந்த கார்டுகள் பலவற்றில் வலது கீழ் மூலையில் தியேட்டர்களுக்கு விளம்பரங்களை விநியோகித்த நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனத்தின் எண் இருக்கும். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், சாய்கோடு, எண். முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து நின்றால் மறுவெளியீடு. அந்த மூலை மட்டும் கிழிந்திருந்தால் நடையைக் கட்டுங்கள். இந்த விவாதத்தை இத்தோடு விடுங்கள், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கடற்கரை, நாகப்பட்டினம்: கார்டு கெடாமல் இருக்க லேமினேட் செய்யலாமா?

கூடாது. கூடவே கூடாது. லேமினேட் செய்த அன்றே அது அட்டை என்ற நிலையிலிருந்து விலகிவிட்டது. செலோ டேப்பும் வேண்டாம். பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, வெயில் படாத அறை. உங்கள் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பையைப் பெட்டியில் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கு என்று அந்துருண்டை போடாதீர்கள். பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே போதும்.

கண்ணாடிச்சட்டம், பெங்களூரு: லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினால்?

மேலே இருக்கும் பதிலை மறுபடி படியுங்கள்.

ஹேமர்ரசிகன், லண்டன்: 1958இல் பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’வின் பிரிட்டிஷ் கார்டு தேடுகிறேன்.

பிரிட்டனில் புழங்கியது பெரும்பாலும் தியேட்டர் முகப்பில் மாட்டிய 8க்கு 10 அங்குல ‘ஃப்ரண்ட் ஆஃப் ஹவுஸ்’ ஸ்டில். 11க்கு 14 அளவில் கிடைத்தால் அது அமெரிக்க வெளியீட்டின் கார்டு. அங்கே படத்தின் பெயர் ‘ஹாரர் ஆஃப் டிராகுலா’. அந்தப் பெயரில் தேடுங்கள்.

ஸ்டில்பாக்ஸ், ஈரோடு: தமிழ்ப் பட ஸ்டில்கள்?

என் துறை இல்லை. உங்கள் ஊர்ப் பழைய தியேட்டர் மேனேஜர்களைப் பிடியுங்கள்.

அவசரம், சென்னை: ‘ஓநாய் மனிதன்’ கார்டு, எவ்வளவு போகும்?

முதுகு.

முதல்சம்பளம், ஓசூர்: குறைந்த காசில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் சார்?

1931இலிருந்து 1935க்குள் போகாதீர்கள். 1957இல் யுனிவர்சலின் பழைய படங்கள் 52ஐ ஒரே தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் பிற்பாடு பணத்தோடு ஏலத்துக்கு வந்தார்கள், அந்த வரிசை விலையும் ஏறியது. நீங்கள் 1950களுக்கு வாருங்கள். 1954 ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ விலை கடிக்கும். 1956இல் வந்த அதன் மூன்றாம் பாகமோ அதே ஆண்டின் ‘மோல் பீப்பிள்’ படமோ எட்டிப் பிடிக்கலாம். முதலில் ஒரு டெட் கார்டு வாங்கி, லென்ஸை வைத்து எழுத்தையும் மூலையையும் முதுகையும் பார்த்துப் பழகுங்கள். பேய் நிற்கும் கார்டை அப்புறம் வாங்கலாம்.