கனடா வின்னிபெக் குளிருக்கு வீட்டைத் தயார் செய்வது: மார்த்தாண்டத்துத் தம்பிக்கு

தம்பி, வெள்ளிக்கிழமை பனிப்புயல், அதுக்குப் பின்னால மைனஸ் 35 வரைக்கும் போகும்னு சொல்றாங்க, மூணு வயசுப் பிள்ளையோட வாடகை வீட்டில் இருக்கோம், என்னவெல்லாம் வாங்கி வைக்கணும்னு கேட்டிருந்தீங்க. வாங்குறது அப்புறம். முதல்ல பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய், வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸைப் பாருங்க.

2017 ஓகிப் புயலுக்குப் பிறகு நம்ம மாவட்டத்தில் நாள்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தாங்க. கிணத்துத் தண்ணி, விறகடுப்பு, மெழுகுவர்த்தின்னு சமாளிச்சாங்க. அந்தச் சமாளிப்பு இங்கே செல்லாது. உங்க ஃபர்னஸ் கேஸில் எரிஞ்சாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளுற விசிறி கரண்ட்டில்தான் ஓடுது. கரண்ட் போனா சூடும் போச்சு. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளே கரி அடுப்பு மூட்டினா உயிருக்கே உலை வச்சிடும்.

புது மாதிரி ஃபர்னஸ்னா ரெண்டு பிளாஸ்டிக் குழாய் சுவர் வழியா வெளியே போகும். ஒண்ணு காற்றை உள்ளே இழுக்க, மற்றது புகையை வெளியே விட. அது எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு பகல்லயே பார்த்து வைங்க. காற்றடிக்காத மறைவுச் சுவரிலும் பனி குவியும், அதனால அந்தப் பக்கம் பத்திரம்னு நினைக்காதீங்க. குழாய் வாய் அடைஞ்சா ஃபர்னஸ் தானா நின்னுடும். அதைவிட மோசம், கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வீட்டுக்குள்ளே திரும்புறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. புயல் அடிக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒருக்கா போய், கையுறை போட்ட கையால் பனியைத் தள்ளி விடுங்க. ஷவலால் இடிச்சா குழாய் உடையும். புகைக்குழாய் நுனியில் ஈரம் உறைஞ்சு ஐஸ் கட்டியிருந்தா அதையும் மெல்லத் தட்டி விடுங்க.

படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு பாருங்க. பட்டனை அமுக்கி ஓசை வருதான்னு சோதிங்க. இல்லைன்னா இன்னைக்கே வாங்குங்க. மற்ற எதுக்கும் முன்னால இது. அது அலறினா கோட்டை மாட்டிக்கிட்டு எல்லாரும் வெளியே வந்து அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்க. ஃபர்னஸ் ஃபில்டர் அழுக்கா இருந்தா மாத்துங்க, அதிலுள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கணும்.

அடுத்தது தண்ணிக் குழாய். தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். ஐஸ் அடைப்புக்கும் மூடின டேப்புக்கும் நடுவுல மாட்டுற தண்ணிக்குப் போக இடமில்லாம அழுத்தம் ஏறித்தான் குழாய் வெடிக்குது. அதனாலதான் கடுங்குளிர் ராத்திரியில் டேப்பை நூல் மாதிரி ஒழுக விடச் சொல்றாங்க. கிச்சன் சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருந்தா, கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைங்க, அறைச்சூடு குழாய்க்கு எட்டட்டும். வெளியே தோட்டத்து டேப்பில் ஹோஸ் மாட்டியிருந்தா கழற்றுங்க. உள்ளே அதுக்குன்னு இருக்கிற வால்வை மூடி, வெளி டேப்பைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விடுங்க. தண்ணி மீட்டர் பக்கத்தில் மெயின் வால்வு இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு, நீங்களும் உங்க வீட்டம்மாவும் ரெண்டு பேரும் ஒருக்கா மூடித் திறந்து பழகிக்கோங்க. குழாய் வெடிச்ச நேரத்தில் தேடிட்டிருக்க முடியாது. டேப்பில் தண்ணி வரலைன்னா டேப்பைத் திறந்து வச்சு, ஹேர் டிரையரால் டேப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சூடாக்குங்க. உருகுறது வெளியே வர வழி வேணும். தீ காட்டவே கூடாது.

கரண்ட் போயிட்டா எல்லாரும் ஒரே அறையில் இருங்க. வெயில் விழுற ஜன்னல் உள்ள சின்ன அறையா இருந்தா நல்லது. வெயில் சாய்ஞ்சதும் திரையை இழுத்து விட்டு, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைங்க. கேஸ் அடுப்பை ஹீட்டரா எரிக்காதீங்க. ஜெனரேட்டரை கராஜுக்குள்ளேயும் வைக்கக் கூடாது. மூணு நாளைக்கான குடிதண்ணி, ஆளுக்குத் தினம் 2 லிட்டர், சமையலுக்குத் தனியா. தீ வேண்டாத சாப்பாட்டுக்கு நம்ம அவலை மிஞ்சினது எதுவும் இல்லை: கருப்பட்டித் தூளும் தேங்காய்த் துருவலும் போட்டு நனைச்சா பிள்ளையும் சாப்பிடும். நேந்திரங்காய் சிப்ஸ், பழம், பிஸ்கட் கொஞ்சம். கரண்ட் இருக்கும்போதே ரெண்டு பிளாஸ்க் நிறைய கொதிதண்ணி. டார்ச், பேட்டரி, பிள்ளையோட மருந்து.

சோறு வடிக்கிற ஆவி ஜன்னலில் ஐஸாப் படியும். அடுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்க, ஜன்னலுக்குக் கீழே உள்ள வெப்பத் துவாரத்தைக் கட்டில், சோபாவால் மறைக்காதீங்க.

வாசல்படியில் சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே சரியா வேலை செய்யாது. மணல் தூவுங்க, வழுக்காது.

பிள்ளைக்கு உள்ளுடை பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடிச்சு வச்சுக் குளிரேத்தும். கம்பளி அல்லது சிந்தெடிக் போடுங்க. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40-ஐத் தொட்டா மூடாத தோல் 5 முதல் 10 நிமிஷத்தில் உறையும். காரில் உட்கார வைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி மாட்டிட்டு, கோட்டை மேலே போர்த்துங்க. கோட்டோட மாட்டினா பெல்ட் இறுகின மாதிரிதான் தெரியும். மோதினா கோட்டு அமுங்கி, பெல்ட் தளர்ந்து, பிள்ளை நழுவிடும். புயலுக்கு முந்தின நாளே டேங்கை நிரப்பி, என்ஜினைச் சூடா வச்சிருக்கிற பிளாக் ஹீட்டரோட வயரைக் கரண்ட்டில் சொருகுங்க. வழியில் மாட்டிக்கிட்டா, என்ஜினைப் போடுறதுக்கு முன்னால சைலன்சர் வாயிலிருந்து பனியை அகற்றிடுங்க.