மியூனிக்கில் எடுக்கும் கார், குரோஷியக் கடற்கரை வரை: வாடகை போக எவ்வளவு ஆகும்?

கேள்வி: ஜூன் மாதம் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் (9 வயது, 5 வயது) மியூனிக்கில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஆஸ்திரிய மலைகள், ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியாவின் ரொவின் கடற்கரைக்குப் போகிறோம். மொத்தம் 10 நாள். ஒரு தளம் நாளுக்கு 32 யூரோ என்று காட்டுகிறது. காரை குரோஷியாவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறலாமா? கவுன்டரில் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டுமா? செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறேன். - கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு. ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அது நல்லதுதான். ஆனால் கார் எடுக்கும்போது டெபாசிட்டுக்கு ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள்; அதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கிரெடிட் கார்டுதான் கேட்கும். அதுவும் ஓட்டுநராகப் பதிவு செய்தவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். முன்பணம் ஏற்றிய கார்டை நீட்டினால் காரைக் கொடுக்காமலே அனுப்பிவிடலாம், கட்டிய வாடகையும் திரும்பாமல் போகலாம். உங்கள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். ஒருமுறைகூட வெளிநாட்டில் பயன்படுத்தாத கார்டு என்றால் நீங்களே திறந்துவிட வேண்டியிருக்கும். லிமிட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் முடங்குவது சாதாரணம். மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கையைக் கடிக்கும்.

அடுத்து, காரை குரோஷியாவில் விடுவது. வேண்டாம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் தனிக்கட்டணம் உண்டு. பல நூறு யூரோ வரை போய், மொத்த வாடகையையே மிஞ்சிவிடும். திரும்ப மியூனிக்கிலேயே விடுங்கள். போகும்போது மலைப் பாதை, வரும்போது நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டால் ஒரே சாலையை இரண்டு முறை பார்க்கும் அலுப்பும் இருக்காது. முன்பதிவு செய்யும்போதே ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றையும் சொல்லி, அவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லை தாண்ட நிறுவனம் தனிக்கட்டணம் கேட்கலாம், சில விலை உயர்ந்த கார்களை அனுமதிக்காமலும் இருக்கலாம். சொல்லாமல் ஓட்டிப்போய் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. 32 யூரோவுக்கு ஆசைப்பட்டு இதை மறைப்பது ரொம்பத் தவறு.

சரி, இப்போது சாலைக் கட்டணம். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் நெடுஞ்சாலையில் ஏற விக்னெட் என்ற நாள் கணக்கிலான அனுமதி வேண்டும். ஆஸ்திரியாவில் 10 நாளுக்கு 2025 விலைப்படி 12.40 யூரோ. ஸ்லோவேனியாவில் ஒரு வாரத்துக்கு சுமார் 16 யூரோ. அங்கே அது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவிலிருந்து ஆரம்பம். ஸ்லோவேனியாவுக்குள் 3ஆம் நாள் நுழைந்து 9ஆம் நாள் கடைசியாக வெளியேறும்படி திட்டமிட்டால் ஒரே வார விக்னெட் போதும். ஒரு நாள் பிசகினாலும் இன்னொன்று வாங்க வேண்டும். டிஜிட்டல் விக்னெட் கார் எண்ணில் பதிவாகும் என்பதால் சாவி கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். ஆஸ்திரியாவுக்கு ஆஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ், இந்த நெடுஞ்சாலை நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் மட்டும். தேடினால் மேலே வருகிற மற்ற தளங்கள் அதே விக்னெட்டுக்குச் சேவைக் கட்டணம் சேர்த்து விற்கின்றன. கண்ணாடியில் ஏற்கெனவே ஆஸ்திரிய விக்னெட் ஒட்டியிருக்கிறதா, இன்னும் செல்லுமா என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விக்னெட் வாங்கினாலும் ஆஸ்திரியாவின் டவர்ன் சுரங்கங்களுக்கும், ஆஸ்திரியா-ஸ்லோவேனியா எல்லையில் உள்ள கரவாங்கன் சுரங்கத்துக்கும் தனிச் சுங்கம் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் கரவாங்கனில் நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். நீங்கள் ஜூனில் போவது நல்லது, அப்படியும் சனிக்கிழமையைத் தவிருங்கள்.

போகும் வழிக்கு என் விருப்பம் ஆஸ்திரியாவின் கிராஸ்க்ளாக்னர் மலைச்சாலை. 1935இல் திறந்த, 48 கிலோமீட்டர் நீளச் சாலை. 36 கொண்டை ஊசி வளைவுகள், கடந்துபோகும் உச்சி 2,504 மீட்டர். ஒரு நாள் டிக்கெட் 45 யூரோ அளவில். கசக்கும் விலைதான், ஆனால் ஒரு பகல் முழுவதையும் அங்கேயே செலவிடலாம் என்பதால் நான் கொடுப்பேன். பனி காரணமாக வழக்கமாக மே முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், இரவில் மூடிவிடுவார்கள். அப்புறம் ஸ்லோவேனியாவில் விர்ஷிச் கணவாய்: 1,611 மீட்டர், 50 வளைவுகள், சுங்கமே கிடையாது. முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை. பனிச்சரிவில் இறந்த கைதிகளுக்கான சிறிய மரத் தேவாலயம் வழியிலேயே நிற்கிறது. வடக்குப் பக்க வளைவுகளில் தார் இருக்காது, கல் பாவியிருக்கும். மழையில் வழுக்கும், இரண்டாம் கியரில் போங்கள். இறங்கினால் பச்சை நிற சோச்சா ஆறு. வால்பாறையின் 40 வளைவுகளில் ஓட்டிப் பழகிய கைக்கு ஏற்றம் புதிதல்ல, ஆனால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

இன்ஷூரன்ஸ்: வாடகையோடு வருகிற காப்பீட்டில் சேதத்தின் முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு யூரோ உங்கள் பொறுப்பாக இருக்கும். அதை நீக்குவதாகச் சொல்லித்தான் கவுன்டரில் விற்பார்கள், விலை அதிகம். அந்தப் பொறுப்புத் தொகைக்கு மட்டும் தனிக் காப்பீடு இங்கிருந்தே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஆனால் சேதமானால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டும், டெபாசிட்டும் முடங்கத்தான் செய்யும். எதை வாங்கினாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் அதில் சேருமா என்று படியுங்கள். மலைச்சாலையில் அடிபடுவது இவைதான். எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு சக்கர ரிம்களையும், பம்பரின் கீழ் விளிம்பையும், பெட்ரோல் முள்ளையும் படமெடுத்து வையுங்கள்.

பிள்ளைகள் இருவருக்கும் இருக்கை வேண்டும். ஜெர்மனியில் 12 வயதும் ஆகாமல் 150 செ.மீ. உயரமும் எட்டாத குழந்தைக்குக் கட்டாயம். இதற்கு நாள் வாடகை தனி. மூத்த பிள்ளைக்கான பூஸ்டரை (உயரம் கூட்டும் இருக்கை) அங்கே கடையில் வாங்குவது மலிவாக முடிவதுண்டு. ரொவின் பழைய நகருக்குள் காரைக் கொண்டுபோக முடியாது, ஆகவே அறை பதிவு செய்யும்போதே பார்க்கிங் எங்கே, எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: குரோஷியாவுக்குத் தனி விசா வேண்டுமா? இந்திய லைசென்ஸ் போதுமா? - திருச்சி வாசகி

பதில்: தனி விசா வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனிலும் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். எல்லையில் அவ்வப்போது சோதனை நடக்கிறது, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.வில் பெறலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் அது மட்டும் செல்லாது.