சூடு ஆறாத சாப்பாடு

(பள்ளி நூலகராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், குழந்தைகளின் வாசிப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கே: என் ஐந்து வயது மகனுக்கு மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ படப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். அறைக்குள் காடு முளைக்கிறது. மேக்ஸ் என்ற பையன் கடல் கடந்து போய்ப் பூதங்களுக்கு ராஜா ஆகிறான். “இதெல்லாம் நிஜமா அம்மா?” என்று கேட்கிறான். கனவு என்று சொல்லிவிடலாமா? நிஜமென்றே நம்பிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

ப: கனவு என்று சொல்லாதீர்கள் அம்மா. புத்தகமே அப்படி எங்கும் சொல்லவில்லை.

1963இல் வந்த புத்தகம் அது. எங்கள் நூலகத்துப் பிரதியை இரண்டு முறை பைண்டிங் செய்தோம், அத்தனை கைகள் பட்டன. ஒருநாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பக்கத்தைத் திருப்பவிடாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். மேக்ஸ் முள்கரண்டியோடு நாயைத் துரத்திப் படியில் பாய்கிற படம். “மிஸ், சுவர்!” என்றாள். சுவரில் ஒரு பூதத்தின் படம். கீழே, வரைந்தவன் பெயர்: மேக்ஸ். பூதங்களைப் பார்க்கக் கப்பலேறும் முன்பே, அவன் கையால் வரைந்த பூதம் வீட்டில் இருக்கிறது! எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜன்னலையும் பாருங்கள். சாப்பாடு கிடையாது என்று அவனை அறைக்கு அனுப்பும்போது பிறை நிலா. திரும்பி வரும்போது முழு நிலா. எழுத்தோ, பயணம் ஏறக்குறைய ஒரு வருடம் என்கிறது. அதே எழுத்துதான், அறையில் வைத்திருந்த சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்றும் சொல்லி முடிக்கிறது. அந்தக் கடைசி வரி இருக்கும் பக்கத்தில் படமே கிடையாது. சாப்பாட்டைக் கேட்டால் அவன் எங்கும் போகவில்லை. நிலாவைக் கேட்டால் நாள் பல ஆகிவிட்டது. செண்டாக் இரண்டு சாட்சிகளையும் அப்படியே விட்டுவைத்தார். நாம் ஏன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

இன்னொன்று: அந்தப் பூதங்களின் முகமே நிஜத்திலிருந்து வந்ததுதான். சிறுவயதில் ப்ரூக்லின் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய மாமாக்களும் அத்தைகளும்தான் அவை என்று செண்டாக் சொல்லியிருக்கிறார்.

மகன் நம்பிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். கொட்டாங்குச்சியில் மணல் சோறு ஆக்கி “சாப்பிடு அம்மா” என்று நீட்டுகிறானே, அதை நீங்கள் நிஜமாகவே வாயில் போட்டால் பதறிப் போவான். மண் என்றும் அவனுக்குத் தெரியும், சோறு என்றும் தெரியும். மறுபடி “நிஜமா?” என்று கேட்டால், “படிச்சுவரில் இருக்கிற படத்தை வரைந்தது யார்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

கே: படத்தில் இருப்பது எழுத்தில் இல்லாவிட்டால், நானே சேர்த்துச் சொல்லலாமா?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

ப: வேண்டாம் ஐயா. பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோசிஸ் வாக்’ ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள். கோழி உலாவப் போனது, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். நரி என்ற சொல்லே வராது. படத்திலோ கோழியின் பின்னாலேயே நரி வருகிறது. குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, தேனீக்கள் துரத்த ஓடுகிறது. “அதோ நரி” என்று நீங்கள் சொல்லிவிட்டால், பேரன் கூவுவதற்கு என்ன மிச்சம்? எழுதியிருப்பதை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

கே: நிஜமும் கற்பனையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருகிற புத்தகம் உண்டா?
– ஆசிரியை, விருதுநகர்

ப: ஜான் பர்னிங்ஹாமின் ‘கம் அவே ஃபிரம் த வாட்டர், ஷெர்லி’ (1977). இடப்பக்கம் வெளிறிய நிறத்தில் கடற்கரை நாற்காலியில் பெற்றோர். அம்மாவின் பேச்சு மட்டுமே எழுத்து. வலப்பக்கம் எழுத்தே இல்லாமல், வண்ணம் பொங்க, ஷெர்லி கொள்ளையர் கப்பலில் சண்டை போடுகிறாள். ஒரு நாயைத் தொடாதே என்று இடப்பக்கத்து அம்மா கண்டிக்கிறாள். வலப்பக்கத்தில் அந்த நாய் ஷெர்லியோடு படகிலேயே போகிறது. வகுப்பில் முதல் வேலையாக அந்த நாயைத் தேடச் சொல்லுங்கள்.