வலம்புரிச் சங்கு தனி இனமா? கடையில் விற்பது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தனி இனம் இல்லை. கோயிலில் ஊதுகிற சாதாரணச் சங்கு எந்த உயிரியின் ஓடோ, அசல் வலம்புரியும் அதே உயிரியின் ஓடுதான். அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். சுருள் மட்டும் எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருக்கும். அப்படிப் பிறப்பது மிக மிக அரிது. அப்புறம் எப்படிக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கிறார்கள் என்றால், அவற்றில் பெரும்பாலானவை சங்கே இல்லை. வேறு நத்தை. தூத்துக்குடியில் விலங்கியல் படித்த நாளிலிருந்து சங்கு அடங்கிய டர்பினெல்லா பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஓட்டைப் பார்ப்போம். கடலிலிருந்து எடுத்த சங்கு வெள்ளையாக இருக்காது. மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும்; அதை நீக்கித் தேய்த்த பிறகுதான் நமக்குத் தெரிந்த வெண்மை வரும். ஓடு நல்ல தடிமன், கையில் எடுத்தால் கனக்கும். நடுவில் புடைத்து, ஒரு முனையில் நீண்ட குழலாக ஒடுங்கும். ஆனால் கனமான ஓடும் நீண்ட குழலும் வேறு பல கடல் நத்தைகளுக்கும் உண்டு. இந்தப் பேரினத்தை அடையாளம் காட்டுவது வாய்க்குள்ளே இருக்கிறது. சுருள்கள் எல்லாம் ஒரு நடுத்தூணைச் சுற்றித்தான் அமைகின்றன. அந்தத் தூணின் மேல், வாயின் உள்விளிம்பில், மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே ஓடும். விரலை விட்டால் தட்டுப்படும். வெளியே தெரிவது அவற்றின் கடைசிப் பகுதி மட்டும்தான். உள்ளே அவை திருகாணியின் மரை போலத் தூணைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறுகின்றன.

வகைப்பாட்டின் கதையும் இந்த மடிப்புகளைச் சுற்றித்தான். 1767இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் சங்குக்கு வொலூட்டா பைரம் என்று பெயர் வைத்தார். தூணில் மடிப்புள்ள பலவிதமான ஓடுகளை அவர் வொலூட்டா என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். அதிலிருந்து சங்கைப் பிரித்து 1799இல் டர்பினெல்லா என்ற பேரினத்தை உருவாக்கியவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க். அதற்கு ஓராண்டு முன்பே ரோடிங் என்ற ஜெர்மானியர் இதற்கு சாங்கஸ் என்று பெயரிட்டிருந்ததால், பழைய இந்திய மீன்வள ஆய்வுகளில் சாங்கஸ் பைரம் என்றே பார்க்கலாம். பிறகு விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையம் டர்பினெல்லாவையே நிலைநிறுத்தியது. குடும்பம் டர்பினெல்லிடே, வரிசை நியோகாஸ்ட்ரோபோடா. இந்த வரிசையில் பெரும்பாலும் ஊனுண்ணிகள்தான். நம் சங்கும் மணலுக்குள் இருக்கும் புழுக்களைப் பிடித்துத் தின்கிற பிராணி.

பேரினத்தில் இனங்கள் மிகக் குறைவு, ஆனால் அவை இருக்கும் இடங்கள் ஆச்சரியமானவை. நம் சங்கான பைரம் இந்தியா, இலங்கைக் கடல்களில். இதைவிடப் பெரிதாக வளரும், தோளில் (சுருளின் மேல்விளிம்பில்) முட்டுமுட்டாகப் புடைப்புள்ள அங்குலேட்டா என்ற இனம் கரீபியக் கடலில். லேவிகேட்டா பிரேசில் கரையில். மூன்றுக்கும் அந்தத் தூண் மடிப்புகள் பொது.

நம் கடலுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சங்கின் வடிவம் மாறும். மன்னார் வளைகுடாவில் கிடைப்பதை ஜாதி சங்கு என்றும், பாக் நீரிணைப் பக்கம் கிடைப்பதைப் பட்டி சங்கு என்றும் சங்கு குளிப்பவர்கள் பிரித்துச் சொல்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய வடிவ வேறுபாடுகளை விவரித்திருக்கிறார். இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான காரணமாக நான் நினைப்பது சங்கின் முட்டைக்கூடு. முறுக்கிய கொம்பு வடிவத்தில், அறை அறையாக, ஒரு முனை மணலில் புதைந்து நிற்கும். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து வெகுதூரம் போய்விடும். சங்குக் குஞ்சு அப்படி மிதப்பதில்லை, கூட்டிலிருந்து வெளியே வரும்போதே ஓட்டோடு ஊர்ந்து வரும். பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாததால் அந்தந்த இடத்து வடிவம் அங்கேயே நிலைக்கிறது. ஓரிடத்தில் சங்கை வழித்து எடுத்துவிட்டால் வேறு கடலிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது என்பதும் இதிலிருந்தே புரியும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, கடைக்கு வருவோம். வலம்புரி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் மின்னல் வெல்க் என்ற கடல் நத்தையின் ஓடு. அது பூசிகோனிடே என்ற வேறு குடும்பம். அந்த நத்தைக்கு எதிர்ச் சுருள்தான் இயல்பு, அதனால் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். சுருளின் திசையைக் காட்டி விற்பவர் பொய் சொல்லவில்லை, இனத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார். சுருளின் திசை எந்த இனம் என்று சொல்லாது, மடிப்பு சொல்லும். மின்னல் வெல்க்கின் தூணில் சங்குக்கு உள்ளதைப் போல வரிசையான தடித்த மடிப்புகள் கிடையாது. ஓடும் சங்கைவிட மெலிது. மெருகேற்றாத ஓட்டில் பழுப்புக் கோடுகளும் தோளில் புடைப்புகளும் இருக்கும். தேய்த்துவிட்டால் அவை போய்விடும். தூணைத் தேய்த்து மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

திசையில் ஒரு குழப்பம் வரும். விலங்கியலில் ஓட்டின் கூர்ச்சுருளை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிப்போம். வாய் வலப் பக்கம் இருந்தால் அது வலச்சுருள், அதாவது சாதாரணச் சங்கு. நம் மரபில் குழல் முனையை மேலே வைத்துப் பார்ப்பதால் அதே சங்கு இடம்புரி ஆகிறது. எனவே ஆங்கிலப் புத்தகத்தில் இடச்சுருள் என்று இருப்பதுதான் நம்முடைய வலம்புரி.

காதில் வைத்தால் ஓங்கார ஒலி கேட்கும், அரிசியில் வைத்தால் நகரும் என்பதையெல்லாம் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காதில் வைத்தால் எந்தக் குழிந்த ஓட்டிலும் இரைச்சல் கேட்கும். வாய்க்குள் வெளிச்சம் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விலை பெரிதென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். அசலாக இருந்தால் தூண் நெடுகிலும் மடிப்புகள் தெரியும். இரண்டுக்கும் மறுத்தால் வாங்காதீர்கள்.