ஸ்கேனரைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? கேளுங்கள்

கே: புது ஸ்கேனர். செருகினால் விளக்கு எரிகிறது, விண்டோஸ் 11 மட்டும் ஸ்கேனரே இல்லை என்கிறது.

ப: விளக்கு எரிந்தால் மின்சாரம் போகிறது, அவ்வளவுதான். டேட்டா போகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கணினியில் மாட்டிய கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். பட்டியல் அசையவே இல்லையா? அப்படியானால் டிரைவரை, அதாவது ஸ்கேனரோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை, தேடி அலையாதீர்கள், பெரும்பாலும் கேபிளோ போர்ட்டோதான் காரணம். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் இருந்தால் தூக்கிவிட்டு நேராக மாட்டுங்கள்; அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர்கள் 500 மில்லியாம்பியர் வரை கேட்கும், தனி மின்சாரம் இல்லாத சாதாரண ஹப்போ ஒரு போர்ட்டுக்கு 100 கொடுத்தாலே பெரிய விஷயம். பட்டியலில் ஸ்கேனர் மஞ்சள் குறியோடு வந்து, உள்ளே கோட் 28 என்று இருந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். கேபிளைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் தளத்து டிரைவரை நிறுவி, அது மாட்டச் சொல்லும்போது மட்டும் மாட்டுங்கள். பாதிப் பேர் அவசரப்படுவது இங்கேதான்.

கே: அண்ணா, எனக்கு மஞ்சள் குறியெல்லாம் இல்லை. டிவைஸ் மேனேஜரின் இமேஜிங் டிவைசஸில் பெயர் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் ஸ்கேன் மென்பொருளில் வரவில்லை.

ப: விண்டோஸில் சர்வீசஸ் திறந்து, ஸ்கேனர்களைக் கவனிக்கும் விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன் ஓடுகிறதா பாருங்கள் தம்பி, ஓடினாலும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் டிரைவர் 32 பிட் ட்வைனாக (ஸ்கேனர் டிரைவரில் ஒரு வகை) இருக்கலாம், 64 பிட் மென்பொருளுக்கு அது கண்ணில் படாது. நாப்ஸ்2 என்ற ஸ்கேன் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான், 32, 64 இரண்டையும் கையாளும்.

கே: கேனோஸ்கேன் லைட் 25 நன்றாக உழைத்தது. புது லேப்டாப்பில் எடுக்க மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடவா சார்?

ப: வேண்டாம் சார். கேனான் அதற்கு 64 பிட் டிரைவர் தரவில்லை, உங்கள் லேப்டாப் மேல் தப்பில்லை. வியூஸ்கேன் என்ற மென்பொருள் சொந்த டிரைவரோடு வருகிறது, அதில் ஓடும், ஆனால் காசு. பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தால் லினக்ஸ் போடுங்கள், லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருளான சேன் அந்த மாடலைத் தெரிந்து வைத்திருக்கிறது. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கே: லினக்ஸில் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) போட்டால் ஸ்கேனர் தெரிகிறது, போடாவிட்டால் இல்லை.

ப: அனுமதிச் சிக்கல். டெபியன் வகையறா லினக்ஸ் என்றால் உங்கள் பயனரை ஸ்கேனர் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கே: வைஃபை ஆல் இன் ஒன். பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லை!

ப: பெட்டி ஒன்று, வழி வேறு. விண்டோஸ் தானாகச் சேர்த்தது பிரிண்ட் டிரைவரை மட்டும் என்றால் இப்படித்தான் ஆகும், முழு டிரைவர் தொகுப்பையும் நிறுவுங்கள். வீட்டு நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட்டாக மாற்றுங்கள், ஸ்கேன் முடியும்வரை விபிஎன்னை அணைத்து வையுங்கள்.

கே: எல்லாம் சரி, கண்டுகொண்டது. ஸ்கேன் கொடுத்தால் கடகடவென்று சத்தம், அப்புறம் எரர்.

ப: கவிழ்த்துப் பாருங்கள். கொண்டுவரும்போது உள்பாகம் அசையாமல் பூட்டி வைக்க, அடியில் பூட்டுப் படம் போட்ட சுவிட்ச் இருந்தால் திறந்துவிடுங்கள்.