லிப்டில் ஏறாதவருக்கும் லிப்ட் செலவா?

கேள்வி: கும்பகோணத்தில் 12 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், தரைத்தளத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். லிப்ட் பழுதைக் காரணம் காட்டி மாத மெயின்டனன்ஸை 1,200 ரூபாயிலிருந்து 1,800 ஆக்கிவிட்டார்கள். நான் லிப்டில் ஏறியதே இல்லை. ஐந்து மாதமாகக் கட்டவில்லை. தண்ணீரை நிறுத்துவோம் என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார். 'நான் ஏறுவதில்லை' என்ற வாதம் நிற்காது. உங்கள் கிரயப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்', அதாவது மனையில் உங்கள் பங்கு, இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். பொதுச்செலவில் உங்கள் பங்கும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. செப்டிக் டேங்க் வழிந்தால் நாற்றம் உங்கள் வாசலில்தான். அதைச் சுத்தம் செய்ய மூன்றாம் மாடிக்காரரும் பணம் தருகிறார் அல்லவா? தரைத்தளத்துக்கு லிப்ட் பராமரிப்பில் சலுகை தரும் குடியிருப்புகள் உண்டு. ஆனால் அது பொதுக்குழு தீர்மானம் போட்டுத் தருவது. நாமாகப் பிடித்துக்கொள்வது இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. 600 ரூபாய் உயர்வு, 12 வீடு: மாதம் 7,200, வருடத்துக்கு 86,400. பழுது பார்க்க எவ்வளவு ஆனது? ஒருமுறைச் செலவை மாதக் கட்டணத்தில் ஏற்றினால், லிப்ட் சரியான பிறகும் கட்டணம் கீழே இறங்காது. நான் பார்த்த சண்டைகளில் பாதி இதில் ஆரம்பித்ததுதான். அதற்குத் தனியாக ஒருமுறை வசூல் வைத்திருக்க வேண்டும். பொது மின்கட்டணமும் ஏறியிருக்கலாம். 2023 இறுதியில் பொது இணைப்புக்கு யூனிட் 5.50 ரூபாய் என்று குறைத்தது லிப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேற்படாத சிறிய குடியிருப்புகளுக்குத்தான். உங்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே மூன்று நகல் கேளுங்கள்: உயர்வைத் தீர்மானித்த கூட்டத்தின் மினிட்ஸ், லிப்ட் பில், போன வருடக் கணக்கு. தஞ்சாவூரில் ஒரு குடியிருப்பில் இப்படிக் கணக்கு நோட்டை விரித்தபோது, ஒரே மாதத்தில் 'மோட்டார் காயில்' என்று இரண்டு தடவை இருந்தது. திருட்டு என்றே எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் இரண்டு தடவை எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது பில்லை ஒட்ட மறந்ததற்கு மூன்று மாதம் பேச்சுவார்த்தையே கிடையாது!

பணத்தை நிறுத்தாதீர்கள். நானாக இருந்தால் ஐந்து மாத பாக்கி 9,000-ஐயும் வங்கி மூலம் அனுப்பி, 'ஆட்சேபணைக்கு உட்பட்டு' என்று செயலாளருக்குக் கடிதம் கொடுப்பேன். பாக்கிக்காரருக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை என்று பல சங்கங்களின் பைலாவில் (விதிமுறைகளில்) உண்டு, சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் செயலாளர் அவசரப்படுகிறார். பாக்கி வசூலிக்கச் சங்கம் நோட்டீஸ் அனுப்பலாம், மூன்று வருட காலவரம்புக்குள் வழக்குப் போடலாம். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் ஆட்சேபணை அனுப்புங்கள். மீறி நிறுத்தினால் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம்.

கணக்கே காட்டவில்லையா? சங்கம் 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதென்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால் நான்கு கையெழுத்து போதும். அதற்கு முன் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், கோர்ட் கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

லிப்ட் பில் கைக்கு வந்ததும் தொகைக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். தீர்மானத்துக்குப் பிறகான பில் என்றால், உயர்வை முடிவு செய்த அன்று அவர்கள் கையில் இருந்தது வெறும் கொட்டேஷன்தான். அதை யாரிடம் வாங்கினார்கள், எத்தனை பேரிடம் வாங்கினார்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.